பழைய ஸ்காட்லாந்து சாம்ப்ளர்கள்: வாசகர் கேள்வி - பதில்

18, 19-ஆம் நூற்றாண்டுகளில் ஸ்காட்லாந்துச் சிறுமிகள் தையல் பழகும்போது ஒரே துணியில் அகரவரிசை, எண்கள், வீடு, பறவை, செடி எல்லாவற்றையும் எம்பிராய்டரி செய்து, தங்கள் பெயர், வயது, ஆண்டு போட்டு முடிப்பார்கள். அந்தத் துணிதான் சாம்ப்ளர். ஸ்காட்லாந்தில் வசிக்கும் வாசகர்கள் பலர் ஏலத்திலும் பழம்பொருள் கடைகளிலும் இவற்றை வாங்கிவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துத் தந்திருக்கிறோம்.

ஏலத்தில் ஒரு சாம்ப்ளர் வாங்கினேன். ஊர்ப் பெயர் எதுவும் இல்லை. ‘ஸ்காட்லாந்து வேலைதான்’ என்கிறார் விற்றவர். எப்படி உறுதி செய்வது?
– எடின்பரோ வாசகி

ஒரே ஒரு அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மரத்தடியில் ஆதாமும் ஏவாளும், ஸ்ட்ராபெரிக் கொடி ஓடும் கரை, கூடையில் பூங்கொத்து எல்லாம் இங்கிலாந்து வேலையிலும் ஏராளமாக உண்டு. ஸ்காட்லாந்தின் தேசியச் சின்னமான திஸில் முட்பூ இருந்தால் நல்லது. இல்லை என்பதால் ஸ்காட்லாந்து இல்லை என்று ஆகிவிடாது.

முதலில் எழுத்துகளைப் பாருங்கள். பெரிய எழுத்துகள் சுருள் சுருளாக வால் நீட்டி, ஒன்றுவிட்டு ஒன்று சிவப்பும் பச்சையுமாக நின்றால் அது பலமான சாட்சி. அடுத்தது, இரண்டிரண்டு எழுத்தாக வரிசை கட்டி நிற்கும் பெயர் முதலெழுத்துகள். இங்கிலாந்துச் சாம்ப்ளரில் பல நேரம் நீதிப்பாட்டு நிற்கும் இடத்தை இங்கே உறவினர் பட்டியல் பிடித்துக்கொள்ளும். மூன்றாவது, தோகை விரித்த மயில். இந்த மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தால் விற்றவர் சொல்வதை நம்பலாம்.

கிரீடங்களில் மட்டும் கவனம் தேவை. சின்னச் சின்னக் கிரீடங்களை வரிசையாகத் தைத்து, கீழே ஒவ்வோர் எழுத்து போட்டிருப்பார்கள். அது அரசர், டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், லார்டு என்ற பட்டங்களின் முதலெழுத்து. பெரிய வீடுகளில் படுக்கை விரிப்புக்கும் மேசை விரிப்புக்கும் அடையாளம் தைக்கும் வேலைக்கான பயிற்சி அது. அதைக் குடும்பப் பெயர் என்று நினைத்துத் தேட ஆரம்பித்தால் எங்கும் போய்ச் சேர மாட்டீர்கள்.

என் சாம்ப்ளரில் நான்கு வரிசை முதலெழுத்துகள் இருக்கின்றன. சில மட்டும் கறுப்பு நூலில். யார் யார் என்று கண்டுபிடிக்க முடியுமா?
– கிளாஸ்கோ வாசகர்

முடியும். ஸ்காட்லாந்துச் சாம்ப்ளரின் மதிப்பே இந்த எழுத்துகளில்தான் இருக்கிறது.

ஸ்காட்லாந்தில் திருமணமான பெண் தன் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரையே ஆவணங்களில் தொடர்ந்து வைத்துக்கொள்வது வழக்கம். அதனால் அப்பாவின் எழுத்தும் அம்மாவின் எழுத்தும் வேறு வேறு குடும்பப் பெயரில் முடியும். தைத்த சிறுமியின் குடும்பப் பெயர் ‘எம்’ என்று தொடங்குகிறது என்று வையுங்கள். வரிசையின் முதலில் ‘ஆர் எம்’, ‘ஐ எஸ்’ என்று இரண்டு ஜோடி சற்றுப் பெரிதாக இருந்தால் முதலாவது அப்பா, இரண்டாவது அம்மா என்று கொள்ளலாம். அதற்குப் பிறகு ‘எம்’ எழுத்தில் முடிபவர்கள் உடன்பிறந்தவர்கள் அல்லது அப்பா வழி உறவு; ‘எஸ்’ எழுத்தில் முடிபவர்கள் அம்மா வழி. இரண்டிலும் சேராத ஜோடிகள் பாட்டிகளாக இருக்கலாம். ஆசிரியை, தோழிகளாகவும் இருக்கலாம்.

இங்கே சறுக்குகிற இடங்கள் மூன்று. ஒன்று, 18-ஆம் நூற்றாண்டு அகரவரிசையில் பல நேரம் ‘ஜே’, ‘யூ’ எழுத்துகளே இருக்காது. ‘ஐ’, ‘வி’ எழுத்துகள்தான் அந்த வேலையையும் செய்யும். ஆகவே ‘ஐ எஸ்’ என்றால் இசபெல் மட்டுமல்ல, ஜேனட், ஜீன், ஜான், ஜேம்ஸ் யாராகவும் இருக்கலாம். இரண்டு, ‘மேக்’ என்று தொடங்கும் பெயர்களில் ‘எம்’ எழுத்தின் தோளில் ஒரு குட்டி ‘சி’ ஏறியிருக்கும். மங்கிய துணியில் அது கண்ணில் படாது. ‘டி எம் டி’ என்று மூன்றெழுத்தாகத் தெரிந்தால் நடு எழுத்தை லென்ஸ் வைத்துப் பாருங்கள். டங்கன் மெக்டொனால்ட் போன்ற ஒருவராக இருக்கக்கூடும். மூன்று, கறுப்பு. இறந்தவரின் எழுத்தைக் கறுப்பில் தைப்பது வழக்கம் என்பது சரிதான். ஆனால் கரும்பச்சையும் கரும்பழுப்பும் மங்கிய பிறகு கறுப்பு போலவே நிற்கும். பின்பக்கம் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

அடுத்து ஆவணம். ‘ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள்’ என்ற அரசு இணையதளத்தில் பதிவு செய்துகொண்டு பெயர்ப் பட்டியலை இலவசமாகத் தேடலாம்; ஆவணத்தின் படத்தைத் திறக்கத்தான் கட்டணம். அரசுப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1-இல். அதற்கு முன்பு நடந்தவற்றுக்குப் பழைய திருச்சபைப் பதிவேடுகள்தான் கதி. ஞானஸ்நானப் பதிவில் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரும் பெரும்பாலும் இருக்கும் என்பதால் அப்பா, அம்மா இருவரின் எழுத்தும் ஒரே வரியில் பொருந்துகிறதா என்று பார்க்கலாம். சாம்ப்ளரில் ‘வயது 11, 1829’ என்றிருந்தால் பிறந்தது 1817 அல்லது 1818. ஆனாலும் 1815 முதல் 1820 வரை தேடுங்கள். சாம்ப்ளரை முடிக்கப் பல மாதங்கள் ஆகியிருக்கும்.

பெயர் கிடைக்கவில்லை என்றால் மாற்றுப் பெயரில் தேடுங்கள். ஜேனட் என்பவர் ஜெஸ்ஸி ஆவார்; ஹெலன் எல்லன் ஆவார்; எல்ஸ்பெத் எலிசபெத் ஆவார். அப்படியும் இல்லையா? 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி இருந்தது. பல பெற்றோர் பதியாமலே விட்டுவிட்டார்கள். தேசியத் திருச்சபையிலிருந்து பிரிந்து போன சபைகளின் குடும்பங்களும் இந்தப் பதிவேட்டில் விடுபட்டிருக்கும். பதிவு இல்லை என்பதற்காகச் சாம்ப்ளரைச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

பெயரிடும் வழக்கமும் கைகொடுக்கும். மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர், இரண்டாம் மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர். எல்லாக் குடும்பமும் இப்படிச் செய்யவில்லை. ஆனால் இரண்டு ஜோடிகளில் ஒரே முதலெழுத்து வந்தால், அது தாத்தாவும் பேரனுமா என்று யோசிக்க இது உதவும். 1841 மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத்தைக் கண்டுபிடித்தால் ஒன்றை மறக்காதீர்கள்: 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை 5-இன் மடங்காகக் குறைத்து எழுதும்படி அப்போது உத்தரவு. 24 வயது அக்கா அதில் 20 என்றுதான் இருப்பாள்.

ஆண்டு எழுதிய இடத்தில் ‘18’ மட்டும் இருக்கிறது. கடைசி இரண்டு எண்கள் பூச்சி அரித்துப் போயிருக்குமா?
– டண்டீ வாசகி

பூச்சி இவ்வளவு கச்சிதமாக அரிக்காது. தைத்தவளே பிற்காலத்தில் பிரித்திருப்பாள். சுவரில் மாட்டிய சாம்ப்ளர் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வயதைச் சொல்லிவிடும் அல்லவா? அதற்காகப் பிரிப்பது அந்தக் காலத்தில் நடந்ததுதான்.

10 மடங்கு லென்ஸ் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கைத் துணியின் மட்டத்தில், பக்கவாட்டில் வையுங்கள். நூல் போன இடத்தில் ஊசித் துளை விரிந்தே இருக்கும்; துணியும் அங்கே சற்று வெளிறாமல் நிற்கும். துளைகளைக் கட்டம் போட்ட தாளில் புள்ளியாகக் குறித்தால் எண் தானாகத் தெரியும். பின்பக்கம் வெட்டுப்பட்ட நூல் நுனிகளும் மிஞ்சியிருக்கும்.

அதுவும் பலிக்காவிட்டால் துணியையும் நூலையும் பாருங்கள். ‘டாமி’ எனப்படும் மெல்லிய, பளபளப்பேற்றிய கம்பளித் துணி 18-ஆம் நூற்றாண்டிலும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் புழங்கியது. தடித்த, மிருதுவான பெர்லின் கம்பளி நூல் என்றால் ஏறக்குறைய 1830-க்குப் பிறகு. கண்ணைப் பறிக்கும் ஊதா இருந்தால் 1856-க்கு முன்பு இருக்க வாய்ப்பே குறைவு. செயற்கைச் சாயம் வந்தது அந்த ஆண்டுதான். அலங்காரமே இல்லாமல் சிவப்புப் பருத்தி நூலில் எழுத்தும் எண்ணும் மட்டும் என்றால் அது பெரும்பாலும் 1872-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பிந்திய பள்ளிப் பாடம். பார்க்க எளிமையாக இருப்பதால் அதுதான் பழையது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

மரங்கள் எல்லாம் நீலமாக இருக்கின்றன. வேண்டுமென்றே அப்படித் தைத்தார்களா?
– அபர்டீன் வாசகர்

இல்லை. அப்போது பச்சை என்பது அவுரி நீலத்தின் மேல் மஞ்சள் தாவரச் சாயம் ஏற்றியது. வெளிச்சத்தில் மஞ்சள் முதலில் பறந்துவிடும், அவுரி நின்றுவிடும். பின்பக்கம் பாருங்கள், பச்சை அப்படியே இருக்கும். அதே துணியில் கரும்பழுப்பு, கறுப்பு நூல் மட்டும் பொடிப்பொடியாக உதிர்ந்தால் அதற்குக் காரணம் வேறு: இரும்பும் டானின் என்ற தாவரத் துவர்ப்புப் பொருளும் சேர்த்து ஏற்றிய சாயம் நூலை உள்ளிருந்தே தின்கிறது. அதைத் தடுத்து நிறுத்த வீட்டில் வழி கிடையாது. தொடாமல், ஈரம் படாமல் வைப்பதுதான் முடியும்.

துணி பழுப்பேறி, குறுக்கே கோடு கோடாகக் கறை. மென்மையான சோப்பில் நனைத்து எடுக்கலாமா?
– பெர்த் வாசகி

வேண்டவே வேண்டாம். எங்களுக்கு வரும் கேள்விகளில் அடிக்கடி வருவது இதுதான். கேட்பதற்கு முன்பே நனைத்துவிட்டுப் பிறகு எழுதுகிறவர்களும் உண்டு.

ஒரு சாம்ப்ளரில் 8, 10 சாயங்கள் இருக்கும். ஒன்று நிற்கும், ஒன்று ஓடும். சிவப்பு ஓடிவிட்டால் அதை வெள்ளை லினனிலிருந்து மீண்டும் எடுக்க முடியாது. துணி ஒருவிதமாகவும் மேலே உள்ள பட்டு அல்லது கம்பளி நூல் வேறுவிதமாகவும் சுருங்குவதால், காய்ந்தபின் எழுத்துகளைச் சுற்றித் துணி நெளியும். டாமித் துணியாக இருந்தால் பளபளப்பும் போகும். ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்து, ‘ஓடவில்லை’ என்று முடிவு செய்வதும் தவறு. பழுதுநீக்கும் நிபுணர்கள் ஒவ்வொரு நிறத்தையும், முன்னும் பின்னும், வெள்ளை மைஒற்றுத்தாள் வைத்துத் தனித்தனியாகச் சோதிப்பார்கள். பிரிட்டனில் இத்தகைய நிபுணர்களின் சங்கமான ஐகான் அமைப்பின் பதிவேட்டில் துணி நிபுணர்களைத் தேடலாம்.

அந்தக் கோடுகள் எங்கிருந்து வந்தன என்று முதலில் பாருங்கள். பழைய படச் சட்டங்களில் (ஃபிரேம்) பின்னால் பைன் பலகை அடித்திருப்பார்கள். மரத்தின் அமிலம் துணியில் இறங்கி, பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியும் மரக்கணுவும் அச்சடித்தது போலத் துணியில் விழும். துணியைக் கழுவிவிட்டு அதே பலகையில் திரும்ப அடித்தால் சில ஆண்டுகளில் கறை மீண்டும் வரும். பலகையை அகற்றுவதுதான் முதல் வேலை.

சட்டத்தைத் திறக்கும்போது கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள்; பழைய கண்ணாடி சொல்லாமல் உடையும். சுத்தமான விரிப்பின் மேல் கண்ணாடி கீழே இருக்கும்படி வைத்து, பின்தாளைக் கத்தியால் ஓரமாக அறுத்து, ஆணிகளைக் குறட்டால் துணியிலிருந்து விலகும் திசையில் இழுங்கள். துருப்பிடித்த ஆணி துணியோடு ஒட்டியிருந்தால் இழுக்காமல் நிறுத்திவிடுங்கள். நூல் கண்ணாடியில் ஒட்டியிருந்தாலும் அப்படியே. பின்தாளில் சட்டக்கடையின் சீட்டு இருந்தால் எறியாதீர்கள்: ஸ்காட்லாந்து தேசிய நூலகம் 1773 முதல் 1911 வரையான தபால் முகவரிப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அந்தக் கடை அந்த முகவரியில் எந்த ஆண்டுகளில் இருந்தது என்று அதில் பார்த்துவிடலாம். சட்டம் போட்ட காலம் அது. தைத்த காலம் அல்ல.

வெறும் தூசிக்கு வழி உண்டு. எம்பிராய்டரி வளையத்தில் மெல்லிய நைலான் வலையை இழுத்து மாட்டி, அதைத் துணியின் மேல் வைத்து, வாக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுப்பில், வாய் துணியில் படாமல் சற்று மேலே பிடித்து நகர்த்துங்கள். உதிரும் நூல் உள்ள இடத்தை விட்டுவிடுங்கள்.

வெள்ளை மஸ்லினில் வெள்ளை நூலால் பூவேலை செய்த குழந்தை அங்கி ஒன்று இருக்கிறது. இதுவும் சாம்ப்ளரில் சேருமா?
– எயர் வாசகி

சேராது. அது உங்கள் எயர்ஷயர் வட்டாரத்தின் வெள்ளை வேலை. 1814 வாக்கில் எயரில் திருமதி ஜேமிசன் என்பவர், வீட்டிலிருந்தே தைக்கும் பெண்களுக்கு வேலை கொடுத்து வளர்த்த தொழில். 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து நின்றதும், இயந்திர எம்பிராய்டரியும் சேர்ந்து அதை முடக்கின. பருத்தியும் வெள்ளையும் மட்டும் என்பதால் சாயம் ஓடும் பயம் இதில் கிடையாது. ஆனால் துளைகளுக்குள் நிரப்பிய லேஸ் வேலை ஈரத்தில் கனத்து அறுந்துவிடும். தட்டையான தட்டில் கிடத்தித்தான் நனைக்க வேண்டும், தொங்கவிடக் கூடாது.

கம்பளித் துணியில் பொடித் துளைகள். அந்துருண்டை போட்டு வைத்தால் போதுமா?
– இன்வர்னஸ் வாசகர்

போதாது. அந்துருண்டையை நம்பி முட்டையும் புழுவும் இருக்கும் துணியை உள்ளே வைக்க முடியாது. அதன் புகை உடம்புக்கும் நல்லதில்லை. அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத்தான் தேடும். லினன் துணியில் கம்பளி நூலால் தைத்திருந்தால் எழுத்துகள் மட்டும் காணாமல் போய்த் துணி முழுசாக நிற்பது அதனால்தான்.

முதலில் துளை பழையதா, பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைக் கூடு, மணல் போன்ற எச்சம், ரோமம் படர்ந்த குட்டிப் புழுத்தோல் எதுவும் இருந்தால் பூச்சி இன்னும் இருப்பதாகவே கொள்ளுங்கள். சட்டத்திலிருந்து எடுத்த துணியை அமிலமற்ற டிஷ்யூ தாளில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, முடிந்த அளவு காற்றை வெளியேற்றி ஒட்டுங்கள். மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் 14 நாள். மைனஸ் 30 கிடைத்தால் 3 நாள் போதும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். 24 மணி நேரம் அறையில் அப்படியே வையுங்கள். அவசரப்பட்டால் ஈரம் துணியில் பூத்து, எந்தக் கறைக்குப் பயந்தோமோ அதுவே வரும். மணி கோத்தது, தாளில் ஒட்டியது, வண்ணம் தீட்டியது எதையும் உறைய வைக்கக் கூடாது.

புதிதாகச் சட்டம் போட வேண்டும். கடைக்காரரிடம் என்ன சொல்ல வேண்டும்?
– ஸ்டர்லிங் வாசகி

பசை, டேப், ஸ்டேப்ளர் கூடாது. துணியை இழுத்துப் பின்னால் மடித்துக் கட்டக் கூடாது. இந்த இரண்டுக்கும் சம்மதிக்காத கடைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அமிலமற்ற அட்டையைச் சாம்ப்ளரைவிட ஒவ்வொரு பக்கமும் 3 முதல் 5 செ.மீ. பெரிதாக வெட்டி, கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியால் மூடி, அதன் மேல் சாம்ப்ளரைக் கிடத்தி, வளைந்த ஊசியால் மெல்லிய நூல் கொண்டு தைத்துப் பொருத்த வேண்டும். மேல் ஓரத்தின் நடுவில் தொடங்கி இருபுறமும் போங்கள். ஊசி இழையைக் குத்தாமல் இழைகளுக்கு நடுவே இறங்க வேண்டும். இறுக்கினால் கரை கிழியும்.

கண்ணாடி துணியைத் தொடவே கூடாது. நடுவில் 5 மி.மீ.யாவது இடைவெளி வேண்டும். புற ஊதாக் கதிரை வடிக்கும் கண்ணாடி கேளுங்கள். அக்ரிலிக் தகடு எடை குறைவுதான், ஆனால் அதன் நிலைமின்சாரம் உதிரும் நூலைத் தன் பக்கம் இழுக்கும். மாட்டும் இடத்தில் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போக வேண்டாம், ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கணப்பு அடுப்பின் மேல் உள்ள சுவர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை மறந்துவிடுங்கள்.

போலிகள் உண்டா?
– ஃபைஃப் வாசகர்

உண்டு. பெரும்பாலும் ஏமாற்றத் தைத்தவை அல்ல. பழைய மாதிரியைப் பார்த்து ஆசைக்குத் தைத்ததைத் தேநீரில் முக்கிப் பிறகு யாரோ விற்றது. பின்பக்கம்தான் காட்டிக்கொடுக்கும். உண்மையில் பழையதென்றால் முன்புறம் மங்கி, பின்புறம் நிறம் பளிச்சென்று இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே அளவு பழுப்பு, நூலும் அதே பழுப்பு என்றால் சாயத் தண்ணீரில் முக்கியது.

அந்தச் சுருள் எழுத்து வரிசையை நானே தைக்க ஆசை. எங்கே பார்க்கலாம், எப்படித் தொடங்குவது?
– எடின்பரோ வாசகி

பார்க்க, சேம்பர்ஸ் தெருவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகம். அமெரிக்கச் சேகரிப்பாளர் லெஸ்லி டர்ஸ்டின் ஸ்காட்லாந்துச் சாம்ப்ளர்களை வைத்து 2018 அக்டோபர் முதல் 2019 ஏப்ரல் வரை அங்கே தனிக் கண்காட்சியே நடந்தது. சாம்ப்ளர்களை எப்போதும் வெளிச்சத்தில் வைக்க முடியாது. அதனால் போவதற்கு முன் இப்போது எவை காட்சியில் உள்ளன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தைக்க, அங்குலத்துக்கு 32 இழை உள்ள லினன் எடுத்து, 2 இழைக்கு 2 இழை என்று கிராஸ் ஸ்டிச் போட்டால் அங்குலத்துக்கு 16 தையல் வரும். மாதிரி 160 தையல் அகலம், 200 தையல் உயரம் என்றால் வேலை 10 அங்குலத்துக்கு 12.5 அங்குலம். நான்கு பக்கமும் 3 அங்குலம் விட்டு, 16-க்கு 18.5 அங்குலத் துணி வெட்டுங்கள். 26-ஆம் எண் டேப்பஸ்ட்ரி ஊசி, முனை மழுங்கியது. ஆறிழைப் பருத்தி நூலில் 2 இழை. பட்டு நூல் என்றால் 40 செ.மீ.க்கு மேல் வெட்டாதீர்கள். துணியில் போய்வந்து நார் நாராகப் பிரியும்.

சுருள் எழுத்தில் எல்லோரும் தவறுவது எண்ணிக்கையில்தான். வாலின் வளைவில் ஓர் இழை தப்பினால் அடுத்த எழுத்தோடு முட்டும், அது நான்கு எழுத்து போனபிறகுதான் தெரியும். அதனால் முதலில் 20 இழைக்கு ஒரு கோடு வீதம் குறுக்கும் நெடுக்கும் வெளிர் நூலால் ஓட்டுத் தையல் போட்டுக் கட்டம் கட்டுங்கள். ஒரு கட்டத்துக்கு 10 தையல். எழுத்தின் தண்டை முதலில் முடித்து, பிறகு வாலுக்குப் போங்கள். சிவப்பிலிருந்து அடுத்த சிவப்புக்கு நூலைப் பின்னால் இழுத்துக்கொண்டு போகாதீர்கள், நடுவில் உள்ள வெற்றிடத்தில் நிழல் தெரியும்.

நடுவில் துளை விழும்படி போடும் ஐலெட் தையலில் எழுத்து போடுவதானால் 4 இழைச் சதுரத்துக்கு 8 தையல். ஊசி எப்போதும் வெளி விளிம்பில் மேலே வந்து, நடுத்துளையில் கீழே இறங்க வேண்டும். திருப்பிச் செய்தால் மேலே வரும் ஊசி முன்பு போட்ட நூலைப் பிளந்து துளையை அடைக்கும். ஒவ்வொரு தையலையும் நடுவிலிருந்து விலகும் திசையில் லேசாக இழுத்துவிடுங்கள், துளை வட்டமாகத் திறக்கும்.

பழைய சாம்ப்ளரில் உள்ள சிறுமியின் பெயரையும் ஆண்டையும் அப்படியே தைப்பதாக இருந்தால், கீழ் ஓரத்தில் உங்கள் முதலெழுத்தையும் நீங்கள் தைத்த ஆண்டையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். பின்பக்கம் பேனாவால் எழுதினால் மை துணியில் ஊறி முன்பக்கம் வரும்.